ஆலை வாசல், செய்தி, நீதிமன்றம்: வடசென்னை வாசகர்களின் கேள்விகளுக்கு வழக்கறிஞர் பதில்கள்

சுதந்திர ஊடகம், எளியோருக்கான சட்ட உதவி, தொழில் நிறுவனங்களின் பொறுப்பு ஆகிய மூன்றுக்கும் துணைநிற்கும் அறக்கட்டளை ஒன்று வடசென்னையில் இயங்கிவருகிறது. அதன் கடந்த ஆண்டுப் பணிகளையொட்டித் திருவொற்றியூர் முதல் வியாசர்பாடி வரை பலரும் அனுப்பிய கேள்விகளுக்கு, அங்கே சட்டப் பணிகளைக் கவனித்துவரும் வழக்கறிஞர் அளித்த பதில்கள் இவை.

பெரம்பூர் வாசகர்: ஐயா, பத்திரிகைக்குக் கொஞ்சம், வழக்குக்குக் கொஞ்சம், கம்பெனிகளுக்குக் கொஞ்சம் என்று பணத்தைப் பிரிப்பதைவிட, ஏதேனும் ஒன்றை உருப்படியாகச் செய்யக் கூடாதா?

மூன்றும் வெவ்வேறு வேலைகளாக இருந்தால் உங்கள் கேள்வி முழுக்க நியாயமானது. உங்கள் பகுதியின் வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 1918 ஏப்ரலில் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் தலைவரான பி.பி. வாடியா, 'நியூ இந்தியா' நாளேட்டில் பணியாற்றியவர். ஆலை நிர்வாகம் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துச் சங்கத்துக்கு எதிராகத் தடையாணை பெற்றது. அதன் விளைவாக, சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று எழுந்த கோரிக்கைதான் 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் வரை சென்றது. செய்தி, வழக்கு, ஆலை மூன்றும் அன்றைக்கே ஒரே தெருவில்தான் இருந்தன. இன்று பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1000 நிறுவனங்கள் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிப்படி 2022-23 முதல் பொறுப்பு அறிக்கை அளிக்க வேண்டும். அதில் எழுதியிருப்பது உண்மைதானா என்று ஆலை வாசலில் நின்று பார்த்து எழுத ஒரு செய்தியாளரும், பொய்யென்றால் வழக்காட ஒரு வக்கீலும் இல்லாத ஊரில் அந்த அறிக்கைக்குக் காகித மதிப்புதான்.

திருவொற்றியூர் இளைஞர்: நான் யூடியூபில் உள்ளூர்ச் செய்தி சேனல் நடத்துகிறேன். அறக்கட்டளை எனக்கு வக்கீலை ஏற்பாடு செய்தது, ஆனால் பண உதவி மட்டும் மறுத்துவிட்டது. ஏன்?

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010, செய்தி தயாரிப்பவர்கள் அத்தகைய நன்கொடையைப் பெறுவதைத் தடை செய்கிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு ஓர் அமைப்பு பெற்ற வெளிநாட்டு நன்கொடையை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தரவும் முடியாது. எனவே ஊடகத்துக்கான செலவு முழுவதும் உள்ளூர் நன்கொடையிலிருந்தே வர வேண்டும். அது சிறிய தொகை என்பதால், செய்தி வெளியாகும் முன் வக்கீல் படித்துப் பார்ப்பதற்கும், நோட்டீஸ் வந்தால் பதில் அனுப்புவதற்கும் அதை ஒதுக்கியிருக்கிறோம். கேமரா வாங்கித் தருவதைவிட இது பயனுள்ளது என்பது என் கருத்து. குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவின் 356ஆவது பிரிவின்படி அவதூறுக்கு இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பொதுநலனுக்காகச் சொல்லப்பட்ட உண்மை அதற்கு விதிவிலக்கு. ஆனால் உண்மையை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில்தான் விழும். ஆகவே நிறுவனத்திடம் எழுத்தில் கேள்வி அனுப்பி, அனுப்பியதற்கான அத்தாட்சியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மணலி, குடியிருப்போர் சங்கச் செயலாளர்: தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால் 'இது தனியார் நிறுவனம்' என்றோ 'தகவல் இல்லை' என்றோ பதில் வருகிறதே?

நீங்கள் அனுப்பிய நகலைப் பார்த்தேன். 'இரவில் ஏன் இவ்வளவு நாற்றம் வருகிறது, இதற்கு யார் பொறுப்பு?' என்று கேட்டிருக்கிறீர்கள். அது நியாயமான கேள்வி, ஆனால் சட்டம் காரணத்தைத் தராது. இருக்கும் ஆவணத்தைத்தான் தரும். தனியார் ஆலை நேரடியாக இச்சட்டத்துக்கு உட்படாவிட்டாலும், அது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் தாக்கல் செய்த ஒவ்வொரு தாளும் வாரியத்தின் கையில் இருக்கிறது. ஆகவே மூன்றைக் கேளுங்கள்: ஆலையை இயக்குவதற்கு வாரியம் அளித்த இசைவாணை, ஆண்டுதோறும் செப்டம்பர் 30க்குள் ஆலை தர வேண்டிய சுற்றுச்சூழல் அறிக்கை, சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற ஆலையாக இருந்தால், ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் அளிக்க வேண்டிய அரையாண்டு இணக்க அறிக்கை. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று குறிப்பிட்டு, 'நகல் வழங்குக' என்று மட்டும் முடியுங்கள். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. அறிக்கையே தாக்கலாகவில்லை என்று பதில் வந்தால் மனம் தளர வேண்டாம். அந்தப் பதிலே ஒரு செய்தி, அதுவே ஒரு சாட்சியம்.

தண்டையார்பேட்டை வாசகர்: பெரிய ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதியை வாங்கினால் என்ன?

நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆவது பிரிவின்படி தகுதிக்குட்பட்ட நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காடு செலவிட வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் யாருடைய புகைபோக்கியைப் பற்றி எழுதுகிறோமோ அவரிடமே கைநீட்டினால் நாளைக்கு எழுதும் கை தயங்கும். வாங்குவதில்லை.

வியாசர்பாடி லேத் பட்டறை உரிமையாளர்: எட்டுப் பேரை வைத்துத் தொழில் செய்யும் எங்களுக்குப் 'பொறுப்பான தொழில்' என்று வகுப்பு எடுக்கிறீர்கள். எங்கள் பில் பணத்தை மாதக் கணக்கில் இழுத்தடிக்கும் பெரிய கம்பெனிக்கு யார் வகுப்பு எடுப்பது?

அவர்களுக்குத்தான் முதலில் எடுக்க வேண்டும். குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், 2006, குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய தொகையை அதிகபட்சம் 45 நாளுக்குள் தரச் சொல்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவைச் செய்துகொண்டு, அதன் எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள். பணம் வராவிட்டால், இத்தகைய பாக்கிகளை விசாரிக்கும் வசதியாக்கக் குழுமத்தில் மனுச் செய்யலாம். ஆர்டர் நின்றுபோகும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. பலர் மனுச் செய்யாமல் இருப்பதும் அதனால்தான். உங்கள் பக்கமும் ஒன்று: பத்துப் பேருக்குக் குறைவான இடத்தில் வேலை செய்யும் பெண்கள் பாலியல் தொல்லை குறித்து மாவட்டத்தின் உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் செல்லலாம் என்பதைப் பட்டறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

எண்ணூர் மீனவர்: 2023 டிசம்பரில் தண்ணீரில் எண்ணெய் கலந்தபோது வலையெல்லாம் தார் பூசினாற்போல் ஆகிவிட்டது. அரசு தந்த 12,500 ரூபாயை வாங்கிக்கொண்டோம். இனி ஒன்றும் கேட்க முடியாதா?

கேட்க முடியும். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கான சட்டத்தின் 15ஆவது பிரிவின்படி, பாதிப்பு முதலில் ஏற்பட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் இழப்பீடு கோரலாம். உங்கள் விஷயத்தில் அது 2028 டிசம்பர். நிவாரணம் வாங்கியது அந்த உரிமையைப் பறிக்காது. ஆனால் வாங்கியதை மனுவில் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று அதே பிரிவு கூறுகிறது. தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சேப்பாக்கத்தில் கலசா மகாலில் இருக்கிறது. புது வலை, இன்ஜின் பழுது ஆகியவற்றுக்கான ரசீதுகள், அந்த வாரத்தில் செல்பேசியில் எடுத்த படங்கள், அதற்கு முன் மீன் விற்ற கணக்கு ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தேதி விவரம் அழிந்துவிடக்கூடும். எடுத்த செல்பேசியிலேயே இருக்கட்டும்.

காசிமேடு, மீன் விற்கும் பெண்: இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்றுதான் பார்ப்பார் என்கிறார்களே ஐயா?

அந்தக் குறை பல இடங்களில் உண்மை என்பதால் அதை மறுக்க மாட்டேன். கடந்த ஆண்டு எங்கள் நேரத்தில் பெரும்பகுதி, நியமிக்கப்பட்ட வக்கீல் ஆஜரானாரா என்று பின்தொடர்வதிலேயே கழிந்தது. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைப் பேரிடரால் பாதிக்கப்பட்டோர் ஆகியோர் இலவச வக்கீல் பெற வருமான வரம்பே கிடையாது. தீர்ப்பாய வழக்குகளுக்கும் இது பொருந்தும். வக்கீல் சரியில்லையென்றால், வாய்தா தேதிகளைக் குறிப்பிட்டு ஆணையச் செயலாளருக்கு எழுதிக் கொடுங்கள். வக்கீலை மாற்றித் தரக் கேட்கலாம். மனுவைத் தமிழிலேயே எழுதலாம். 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கு அழைக்கலாம். நேரில் போவதென்றால், உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாநில ஆணைய அலுவலகத்துக்கு ஆதார் நகலையும் வழக்குத் தாள்களையும் எடுத்துச் செல்லுங்கள்.