14 இஞ்சா, 15.6 இஞ்சா? டோம்பிவிலி வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: சி.ஏ. இன்டர் முடித்துவிட்டு மும்பை ஃபோர்ட்டில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் (சி.ஏ. படிப்புக்கான பயிற்சி வேலை) சேர்ந்திருக்கிறேன். வீடு டோம்பிவிலி. லேப்டாப் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பாதி நாள் கிளையன்ட் இடங்களில்தான் வேலை: ஒரு வாரம் அந்தேரி, இன்னொரு வாரம் பிவண்டி கோடவுன். எனக்கு 14 இஞ்ச் வாங்க ஆசை. அப்பாவோ, “அதே விலைக்கு 15.6 கிடைக்கும்போது யாராவது சின்னதை வாங்குவார்களா? கணக்குப் பார்க்கிற பெண்ணுக்கு நம்பர் பேட் இல்லாத லேப்டாப் எதற்கு?” என்கிறார். ஐரோலி அத்தை மகன் கேமிங் லேப்டாப்தான் பல வருஷம் உழைக்கும் என்கிறான். பட்ஜெட் 65,000 ரூபாய். எதை வாங்குவது?
– வாசகி, டோம்பிவிலி கிழக்கு

பதில்: அத்தை மகனின் யோசனையை முதலில் ஓரமாக வைத்துவிடலாம். கேமிங் லேப்டாப் என்றால் பெரும்பாலும் இரண்டு கிலோவுக்கு மேல்தான். சார்ஜர் மட்டுமே அரைக் கிலோவைத் தொடும். அதில் காசு கொடுத்து வாங்குகிற கிராஃபிக்ஸ் கார்டுக்கு டாலி என்ற கணக்கு மென்பொருளிலும் எக்செல்லிலும் வேலையே கிடையாது. பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். பல வருஷம் உழைக்கும் என்கிறார், உழைக்கலாம். காலை எட்டு மணி ஃபாஸ்ட் லோக்கலில் அதைச் சுமக்கப்போவது அவர் இல்லையே.

அப்பா சொல்வதை அப்படித் தள்ள முடியாது. அதில் பாதி சரி. எந்தப் பாதி என்று தெரிந்துகொள்ளத் தையல் டேப் ஒன்று போதும்.

லேப்டாப் திரையின் இஞ்ச் கணக்கு மூலைக்கு மூலை குறுக்காக அளப்பது. இரண்டு திரைகளின் வடிவம் வேறாக இருந்தால் இந்த எண் ஆளை ஏமாற்றிவிடும். 15.6 இஞ்ச் மாடல்களில் பெரும்பாலானவை 16-க்கு 9 என்ற விகிதத்தில் வரும் அகலத் திரை. இப்போது வருகிற 14 இஞ்ச் மாடல்களில் பல 16-க்கு 10, கொஞ்சம் உயரமானவை. சென்டிமீட்டரில் பார்த்தால் 15.6 திரை சுமார் 34.5 அகலம், 19.4 உயரம். 14 திரை 30 அகலம், 18.8 உயரம். அகலத்தில் நான்கு சென்டிமீட்டருக்கு மேல் போகிறது, சரி. ஆனால் உயரத்தில் குறைவது அரை சென்டிமீட்டர்தான். லெட்ஜர் பார்க்கிறவருக்கு உயரம்தான் முக்கியம்.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அந்த 15.6 திரையில் பொதுவாக 1920-க்கு 1080 புள்ளிகள் (பிக்சல்). 16-க்கு 10 வகை 14 இஞ்சில் 1920-க்கு 1200. எக்செல்லில் ஒரு வரிசையின் உயரம் சாதாரணமாக 20 புள்ளி. ஆக, இரண்டையும் ஒரே ஸ்கேலிங்கில் (எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் அளவு) வைத்தால் சின்னத் திரையில்தான் ஐந்தாறு வரிசை கூடத் தெரியும்! எழுத்து எட்டில் ஒரு பங்கு சிறுக்கும், அவ்வளவுதான். உங்கள் வயதுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அப்பா கண்ணாடியைத் தேடுவார்.

கடையில் 14 இஞ்சைத் திறந்ததும் எல்லாம் பெரிது பெரிதாக, இடமே இல்லாதது போலத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். விண்டோஸ் பெரும்பாலும் அதை 150 சதவீத ஸ்கேலிங்கில் வைத்திருக்கும். செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, ஸ்கேல் என்று போய் 125 ஆக்கிவிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கவனம்: 1080 புள்ளி உயரமுள்ள பழைய வடிவ 14 இஞ்சும் இன்னும் விற்கிறது. அதை வாங்கினால் நான் மேலே சொன்ன லாபம் எதுவும் கிடைக்காது. பெட்டியில் 1920-க்கு 1200 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எடை விஷயத்தில் சின்ன லேப்டாப்காரர்கள் கொஞ்சம் மிகைப்படுத்துவார்கள். சாதாரண 15.6 சுமார் 1.7 கிலோ, 14 சுமார் 1.4. ஆப்பிளின் மேக்புக் ஏரை எடுத்துக்கொண்டாலும் சிறியது 1.24 கிலோ, பெரியது 1.51. வித்தியாசம் எப்படியும் முந்நூறு கிராமை ஒட்டித்தான் வருகிறது. (ஏரின் மேல் கண் வைக்காதீர்கள். டாலி விண்டோஸில் ஓடுகிற மென்பொருள்; பட்ஜெட்டும் இடிக்கும்.) எடை மட்டும்தான் பிரச்சினை என்றால் இந்த வழக்கில் அப்பாதான் ஜெயித்திருப்பார்.

கிளையன்ட் ஆபீஸில் உங்களுக்குக் கொடுக்கிற மேஜையை நினைத்துப் பாருங்கள். ஆடிட் டீம் வந்தால் கான்ஃபரன்ஸ் ரூமையா திறந்துவிடுகிறார்கள்? ஸ்டோர் ரூமுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, அதைச் சுற்றி நாலு ஆர்ட்டிகிள். ஆளுக்கு இரண்டரை அடி கிடைத்தால் பெரிய விஷயம். வவுச்சிங் (கணக்கைப் பில்லோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது) செய்யும்போது பாக்ஸ் ஃபைலைத் திறந்து விரித்தால் அதுவே இரண்டடி பிடித்துவிடும். மிச்ச இடத்தில் லேப்டாப்பைச் சாய்வாகத் தள்ளிவைத்து, ஒரு கையால் பில்லைப் புரட்டிக்கொண்டே மறுகையால் டிக் போட வேண்டும். 15.6 லேப்டாப்பின் உடம்பு 36 சென்டிமீட்டர் அகலம். 14 என்றால் 31 அல்லது 32. அந்த நான்கைந்து சென்டிமீட்டர் எவ்வளவு பெரிது என்று அந்த மேஜையில் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். பிவண்டியில் ஸ்டாக் எடுக்கப் போனால் மேஜையே இருக்காது. அட்டைப் பெட்டி மேல் வைத்தோ, ஒரு கையில் ஏந்திக்கொண்டோதான் ஷீட்டில் எண்ணிக்கை போட வேண்டியிருக்கும். 15.6-ஐ ஒரு கையில் ஏந்தி இன்னொரு கையால் தட்டிப் பாருங்கள், மணிக்கட்டு சொல்லிவிடும்.

அப்புறம் ரயில். பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு ஏற வேண்டும் என்று டோம்பிவிலிக்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சீட்டுக்காக எதிர்த்திசையில் கல்யாண் வரை போய், அங்கிருந்து உட்கார்ந்து வருகிற ஊர் அது. லேடீஸ் டப்பாவிலும் நெரிசலில் பை மேல்தட்டுக்குப் போகும். அதன்மேல் இன்னும் நாலு பை விழும். காட்கோபரில் இறங்கி அந்தேரிக்கு மெட்ரோ பிடித்தால் ஸ்கேனர் பெல்ட்டில் வேறு பையைப் போட்டு எடுக்க வேண்டும். இந்த அழுத்தத்தையெல்லாம் தாங்குவது திரையின் பின்பக்க மூடிதான். விலை குறைந்த மாடல்களில் அது பிளாஸ்டிக். மூடி பெரிதாக ஆக, நடுவில் வளைவதும் கூடும். கடையில் மூடியின் ஒரு மூலையை மட்டும் பிடித்துத் திறந்து பாருங்கள். மூடி முறுக்கிக்கொண்டால் அந்த மாடல் உங்கள் ரயிலுக்கு ஆகாது, சின்னதோ பெரியதோ.

மழைக்கும் ஒரு வார்த்தை. 15.6-க்கென்று தைத்த பையில் 14-ஐ வைத்தால், ஒரு கெட்டியான பாலித்தீன் கவரில் சுற்றி வைக்க இடம் இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தக் கவர் பையிலேயே இருக்கட்டும்.

இனி நம்பர் பேட். அப்பா சரியாகப் பிடித்த புள்ளி இதுதான். நாள் முழுக்க வவுச்சர் என்ட்ரி போடுகிறவருக்கு நம்பர் பேட் இல்லாமல் கை ஓடாது. ஆனால் ஆர்ட்டிகிளுக்கு, அதுவும் ஆடிட்டில், போட்ட என்ட்ரியைச் சரிபார்ப்பதுதான் பெரும்பகுதி வேலை. என்ட்ரி வரும் நாட்களுக்கு யூஎஸ்பி நம்பர் பேட் தனியாகக் கிடைக்கிறது. ஆயிரம் ரூபாய்க்குள் முடியும், உள்ளங்கை அகலம்தான், பையின் ஓரத்தில் போட்டுக்கொள்ளலாம். அதில் இன்னொரு சௌகரியம், வலது பக்கம் ஃபைல் இருந்தால் பேடை இடது பக்கம் வைத்துக்கொள்ளலாம். 15.6-இல் நம்பர் பேடுக்கு இடம் விட்டுக் கீபோர்டை இடது பக்கம் ஒதுக்கியிருப்பார்கள். ஈமெயிலோ ரிப்போர்ட்டோ அடிக்கும்போது கை ஒரு பக்கம், பார்க்கிற திரையின் நடு இன்னொரு பக்கம். சிலருக்கு இது உறுத்தாது. எனக்கு உறுத்தும்.

நம்பர் பேடைவிட நான் அதிகம் கவலைப்படுவது வேறு ஒரு விசையைப் பற்றி. எக்செல்லில் ஒரு ஷீட்டிலிருந்து அடுத்த ஷீட்டுக்குப் போக கன்ட்ரோலும் பேஜ் டவுனும் அழுத்துவோம். இருபது ஷீட் உள்ள ஆடிட் ஃபைலில் இதை ஒரு நாளைக்கு எத்தனை முறை அழுத்துகிறோம் என்று கணக்கே இராது. பல 14 இஞ்ச் மாடல்களில் பேஜ் டவுனுக்குத் தனி விசை கிடையாது. எஃப்என் விசையோடு கீழ் அம்புக்குறியை அழுத்த வேண்டும். ஆக மொத்தம் மூன்று விரல். சில மாடல்களில் அம்புக்குறிக்குப் பக்கத்திலேயே பேஜ் அப், பேஜ் டவுன் தனியாக இருக்கும். அப்படிப்பட்டதைத் தேடி வாங்குங்கள். அதேபோல் எஃப்2, எஃப்4, டாலியில் பேமென்ட்டுக்கு எஃப்5, ஜர்னலுக்கு எஃப்7, இவையெல்லாம் எஃப்என் இல்லாமல் நேரடியாக வேலை செய்ய வேண்டும். நிறைய மாடல்களில் எஃப்என்னும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால் இவை நேரடியாக வேலை செய்யும்படி பூட்டிக்கொள்ளும். கடைக்காரர் முன்னாலேயே செய்து பாருங்கள்.

இதை எல்லாம் வெறும் டெஸ்க்டாப் படத்தைப் பார்த்துக்கொண்டு சோதிக்க முடியாது. உங்களுடைய நிஜ ஷீட் போல பதினைந்து காலம் (நெடுவரிசை) உள்ள ஒரு எக்செல் ஃபைலைப் பென்டிரைவில் கொண்டுபோங்கள். கிளையன்ட் பெயரும் எண்களும் நீக்கியது, மறக்க வேண்டாம். டிஸ்ப்ளேக்கு வைத்திருக்கும் லேப்டாப்பில் எக்செல் இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொண்டு, இரண்டு அளவிலும் அதே ஃபைலைத் திறந்து, நின்றுகொண்டு அல்ல, நாற்காலி கேட்டு உட்கார்ந்து பத்து நிமிஷம் வேலை செய்யுங்கள். திரையைக் கடை வாசல் பக்கம் திருப்பியும் பாருங்கள். மலிவு மாடல்கள் 250 நிட்ஸ் வெளிச்சத்தோடு வரும்; கோடவுன் ஷட்டர் ஓரத்தில் அது மங்கிவிடும். 300-க்கு மேல், பளபளப்பு இல்லாத திரை நல்லது.

உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பதில் நீட்ட ஒன்றுமில்லை. 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. மெலிந்த 14 இஞ்ச் மாடல்கள் பலவற்றில் ரேம் போர்டோடு பற்றவைத்தே வரும், பின்னால் கூட்ட முடியாது. அதனால் 8 ஜிபியில் வாங்கிவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சு இங்கே எடுபடாது. சார்ஜிங் டைப்-சி வழியாக இருக்கட்டும். ஒரே சின்ன 65 வாட் சார்ஜர் லேப்டாப்புக்கும் போனுக்கும் ஆகும். நாலு பேருக்கு ஒரே பிளக் பாயின்ட் உள்ள மேஜையில் இது பெரிய நிம்மதி.

இப்போது பணத்துக்கு வருவோம், ஏனென்றால் அப்பாவிடம் பேச வேண்டியது இதைத்தான். 65,000 முழுவதையும் லேப்டாப்பில் போடாதீர்கள். சுமார் 55,000-க்குள் 14 இஞ்சை முடித்துக்கொண்டு, மீதியில் வீட்டுக்கு 24 இஞ்ச் ஃபுல் எச்டி மானிட்டர் ஒன்று வாங்குங்கள். எட்டு, பத்தாயிரத்துக்குள் நல்லதே கிடைக்கும். அதன் திரை 53-க்கு 30 சென்டிமீட்டர், பரப்பில் 15.6-ஐப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஒரு பக்கம் ஸ்டடி மெட்டீரியல், மறு பக்கம் நோட்ஸ் என்று வைத்து ஃபைனலுக்குப் படிக்க இது எவ்வளவு உதவும் என்று வாங்கிய வாரமே தெரியும். ஒரு எச்டிஎம்ஐ கேபிள், முடிந்தது. பெரிய திரை வேண்டும் என்ற அப்பாவின் ஆசை நியாயமானதுதான். அது வீட்டில் இருக்கட்டும், தோளில் வேண்டாம்.

டோம்பிவிலி ஒன் பிஎச்கே வீட்டில் மானிட்டரை எங்கே வைப்பது என்று அம்மா கேட்பார். பின்பக்கம் 100-க்கு 100 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு துளை உள்ள மாடலாகப் பார்த்து வாங்கினால் சுவரில் மாட்டிவிடலாம், கீழே மேஜை காலியாகவே இருக்கும். வாடகை வீடு என்றால் துளை போடும் முன் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அதற்கும் இடமில்லையென்றால் மானிட்டரை ஆறு மாதம் தள்ளிப்போடலாம், தப்பில்லை.

எந்த நிலையில் நானே 15.6 வாங்கச் சொல்வேன் என்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பிரின்சிபல், அதாவது பயிற்சி தரும் ஆடிட்டர், உங்களைக் கிளையன்ட் இடங்களுக்கு அனுப்பாமல், ஃபோர்ட் ஆபீஸிலேயே ஜிஎஸ்டி ரிட்டர்ன், டாலி என்ட்ரி என்று உட்கார வைக்கப்போகிறார் என்றால், லேப்டாப்பை அங்கேயே லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு வரவும் முடியும் என்றால், அப்பா சொல்வதையே வாங்குங்கள். மானிட்டர் வாங்கவே முடியாது, வீட்டில் அப்பாவும் அம்மாவும் இதே லேப்டாப்பில்தான் பேங்க் வேலை பார்க்கப்போகிறார்கள் என்றாலும் அப்படியே. ஆனால் பாதி நாள் அந்தேரியும் பிவண்டியும் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஆர்ட்டிகிள்ஷிப் இரண்டு வருஷம். ஆக, 14.

கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோட்டில் விலை விசாரித்துவிட்டு, அதே மாடலை வீட்டுக்குப் பக்கத்துக் கடையிலும் கேளுங்கள். சொல்கிற விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று உங்களுக்கு நான் சொல்லித்தரப் போவதில்லை. பில்லை மட்டும் உங்கள் பெயரில் போடச் சொல்லி, வீட்டுக்கே ஆள் வந்து பழுது பார்க்கும் வாரண்டி உள்ள மாடலாக எடுங்கள். சர்வீஸ் சென்டர் தாணேயில் இருந்தால் அதற்கும் ஒரு நாள் லீவு போட வேண்டியிருக்கும். பரீட்சைக்குச் சேர்த்துவைக்க வேண்டிய லீவு அது.