வாட்டில் பேச்சும் ஒரு வேலைதான்: சிஸ்டரிடம் கேளுங்கள்

திருகோணமலைப் பக்கத்துத் தாதியரும் இளம் டொக்டர்மாரும் மருந்தாளரும் அனுப்பிய கேள்விகளுக்கு, தாதியப் பயிற்சியில் நெடுங்காலம் இருந்து ஓய்வுபெற்ற ஒரு சிஸ்டரின் பதில்கள்.

கேள்வி: சிஸ்டர், நோயாளியோடு மனம்விட்டுப் பேசுங்கள் என்று வகுப்பில் சொல்கிறார்கள். காலையில் கிளினிக் வரிசையைப் பார்த்தால் அதற்கு எங்கே நேரம்? (தாதிய மாணவி, உப்புவெளி)

பதில்: தங்கச்சி, நீங்கள் பேசவே தேவையில்லை. அவர் பேசி முடிக்கும்வரை பொறுத்தால் போதும். 1984இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவில் டொக்டர்மாரின் உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து பார்த்தார்கள். நோயாளி வாய் திறந்து சராசரியாக 18 செக்கனில் டொக்டர் குறுக்கிட்டிருந்தார். 1999இல் இன்னொரு ஆய்வில் அது 23 செக்கன். பெரிய முன்னேற்றம்! சரி, விட்டால் நாள் முழுக்கவா பேசுவார்கள்? 2002இல் வெளிவந்த சுவிட்சர்லாந்து ஆய்வில் குறுக்கிடாமல் விட்டுப் பார்த்தார்கள். சராசரி ஒன்றரை நிமிடம். பெரும்பாலானோர் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள்.

அந்த இரண்டு நிமிடத்தைக் கொடுக்காவிட்டால் பிறகு பத்து நிமிடம் போகும். கால் உளைவு என்று தொடங்கும் அம்மா, மருந்துத் துண்டை வாங்கிக் கதவடிக்குப் போன பிறகுதான் "நெஞ்சும் ஒரு மாதிரி அடைக்குது மகள்" என்பார். தொடக்கத்திலேயே "வேற என்னம்மா செய்யுது?" என்று கேட்டிருந்தால் ஈசிஜி அப்போதே எடுத்திருக்கலாம்.

கேள்வி: எங்கள் டொக்டருக்குச் சிங்களம், நோயாளிக்குத் தமிழ். கூட வந்த பேரப்பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்வது வழக்கமாகிவிட்டது. சரியா? (தாதி, மூதூர்)

பதில்: எங்கே நோகிறது என்று கேட்கும் அளவுக்குச் சரி, அதற்கு மேல் வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளை அம்மம்மாவிடம் இரத்தப்போக்கைப் பற்றிக் கேட்காது, கேட்டாலும் அம்மம்மா வாய் திறக்கமாட்டார். வளர்ந்த மகன் வந்தால் வேறு கூத்து: அம்மா பத்து வசனம் சொல்ல, அவர் "இல்லையாம் டொக்டர்" என்று முடித்துவிடுவார். இரண்டு மொழியும் தெரிந்த தாதி ஒருவர் நிற்கட்டும். டொக்டர் அந்தத் தாதியைப் பார்க்காமல் நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசட்டும். ஒரு தடவைக்கு ஒரு வசனம். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

முடிவில் "விளங்கிச்சா?" என்று கேட்டால் எல்லாரும் ஓம் என்றுதான் சொல்வார்கள். "வீட்டை போய் மகளுக்கு இந்தக் குளிசை போடுற விதத்தை எப்பிடிச் சொல்லுவீங்கள்? எனக்கு ஒருக்காச் சொல்லிக் காட்டுங்கோ" என்று கேளுங்கள். அவர் தடுமாறினால் நீங்கள் விளக்கியது போதவில்லை. அவரைக் குறை சொல்லாமல் இன்னொரு விதமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: ஐயா ஒருவருக்குப் புற்றுநோய் உறுதியாகிவிட்டது. "அப்பாவுக்குச் சொல்லாதீங்கோ, உடைஞ்சு போயிடுவார்" என்று பிள்ளைகள் கையைப் பிடிக்கிறார்கள். நான் என்ன செய்ய? (இளம் டொக்டர், திருகோணமலை நகரம்)

பதில்: தம்பி, முதலில் பிள்ளைகளோடு சண்டை பிடிக்காதீர்கள். அவர்கள் கேட்பது பாசத்தில். தனியாக இருத்தி, "சொன்னால் என்ன நடக்கும் எண்டு பயப்படுறீங்கள்?" என்று கேளுங்கள். முன்பு ஒரு சொந்தக்காரர் செய்தி கேட்டுச் சாப்பாட்டை விட்ட கதை வெளியே வரும். அதைக் கேட்டுவிட்டு, "நானாகத் திணிக்கமாட்டேன். ஆனால் அப்பா நேரே கேட்டால் பொய் சொல்லமாட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் இதற்கு ஒத்துக்கொள்வார்கள்.

பிறகு அப்பாவிடம் போங்கள். கெட்ட செய்தி சொல்வதற்கு 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஸ்பைக்ஸ் என்ற ஆறுபடி முறை உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள்: இடத்தை ஒழுங்கு செய்வது, அவருக்கு என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று கேட்பது, செய்தியைச் சொல்வது, அவருடைய உணர்ச்சிக்கு இடம் விடுவது, அடுத்து செய்வதைத் திட்டமிடுவது. எங்கள் ஊருக்கு இரண்டாவதும் மூன்றாவதும்தான் உயிர். "உங்கட வருத்தத்தைப் பற்றி என்ன நினைக்கிறீங்கள் ஐயா?" என்று கேட்டுப் பாருங்கள். புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கும் மகரகம என்ற பெயர் காதில் விழுந்த அன்றே பாதி விளங்கியிருக்கும். பிள்ளைகளுக்காகத் தெரியாதது போல் இருப்பார். "எல்லாத்தையும் மகனிட்டச் சொல்லுங்கோ" என்றால் அதுவும் அவருடைய முடிவுதான், மதியுங்கள்.

சொல்லும்போது கட்டில் ஓரத்தில் நிற்காமல் கதிரையை இழுத்துப்போட்டு இருங்கள், போனை அணைத்து வையுங்கள். புற்றுநோய் என்று சொன்ன பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவேண்டாம். அந்த நேரத்தில் விளக்கும் கீமோ விவரம் ஒன்றும் ஏறாது. "ஒண்டும் இல்லை, பயப்படாதீங்கோ" என்ற சொல் மட்டும் வாயில் வரக்கூடாது.

கேள்வி: சீனி வருத்தக்காரர் குளிசை போடாமல் போட்டேன் என்கிறார்கள். ஏன் இந்தப் பொய்? (மருந்தாளர், கிண்ணியா)

பதில்: போன முறை உண்மை சொன்னவருக்கு ஏச்சு விழுந்ததை வரிசையில் நின்ற எல்லாரும் பார்த்தார்கள், அதனால்தான். "ஒழுங்காப் போடுறீங்களா?" என்பது விசாரணை. "எல்லாருக்கும் இடைக்கிடை தவறும். உங்களுக்கு எந்த நேரக் குளிசை தவறுது?" என்றால் பதில் வரும். பகல் குளிசையை வயலுக்குக் கொண்டுபோக மறப்பார், அல்லது அதைப் போட்டால் வயிறு குழம்பும். கிண்ணியாவில் இன்னொன்று: நோன்பு தொடங்குவதற்கு முன்னமே நீங்களாகக் கேட்டுவிடுங்கள். நோன்போடு சில குளிசைகள் சேர்ந்தால் சீனி ஆபத்தாக இறங்கும். டொக்டரிடம் காட்டி நேரத்தையும் அளவையும் மாற்றலாம். நோன்பு பிடிக்கவே கூடாது என்று ஒரே அடியாகச் சொல்லிவிட்டால், அவர் உங்களுக்குச் சொல்லாமல் பிடிப்பார்.

கேள்வி: இரவில் நோயாளியைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பும்போது போனில் திட்டு வாங்குகிறோம். (தாதி, தம்பலகாமம்)

பதில்: கதையை முதலில் இருந்து சொன்னால் நடுச்சாமத்தில் யாருக்கும் பொறுமை இருக்காது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு வரிசை இருக்கிறது: இப்போதைய நிலைமை, பின்னணி, என் கணிப்பு, உங்களிடம் வேண்டுவது. "ஐம்பது வயது ஆண், ஒரு மணித்தியாலமாக நெஞ்சுநோ, பிரஷர் இறங்குது. சீனி வருத்தம் இருக்கு. மாரடைப்பு எண்டு நினைக்கிறம். அம்புலன்ஸ் வெளிக்கிடுது, கட்டில் ஆயத்தமா வையுங்கோ." அரை நிமிடம்தான். அப்படியும் திட்டினால், "சொல்லி முடிக்கிறன் டொக்டர்" என்று அமைதியாகத் தொடருங்கள்.

கேள்வி: அபூர்வமான ஒரு காயத்தைப் படம் எடுத்து, முகத்தை மறைத்து வட்ஸ்அப் குழுவில் போடலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: கூடாது. சின்ன ஊர், கையில் உள்ள மோதிரத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

கேள்வி: சிஸ்டர், முன்பு நோயாளி அழுதால் எனக்கும் தொண்டை அடைக்கும். இப்போது ஒன்றும் தோன்றுவதில்லை. நான் கெட்டவளாகிவிட்டேனா? (தாதி, நிலாவெளி)

பதில்: இல்லை பிள்ளை, களைத்துப் போயிருக்கிறீர்கள். மனதில் ஒன்றும் தோன்றாத நாளிலும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம், திரையை இழுத்து மூடிவிட்டு உடுப்பை விலக்கலாம், ஊசி போடுமுன் சொல்லலாம். நோயாளிக்குக் கிடைக்க வேண்டியது அதில் கிடைத்துவிடும். உங்களுக்குக் கிடைக்க வேண்டியது வேறு. இரவுக் கடமை அடுத்தடுத்து விழுகிறதென்றால் பொறுப்புச் சிஸ்டரிடம் ரோஸ்டரை மாற்றக் கேளுங்கள். நித்திரை வராமல், வீட்டிலும் யாரோடும் பேசப் பிடிக்காமல் வாரக்கணக்கில் போனால் மனநல டொக்டரைப் பாருங்கள், அல்லது தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எடுங்கள். அது இரவிலும் இயங்கும்.