லெக்சிகனுக்குச் சான்றிதழ் கிடையாது

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) எழுதுகிறேன். வீட்டில் பேசுவது படுக மொழி. உங்கள் மொழியின் லெக்சிகன் பத்தாயிரம் சொல்லைத் தாண்டினால் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில், அதாவது அங்கீகரிக்கப்பட்ட மொழிகளின் பட்டியலில், சேர்ப்பார்கள், சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் வீட்டுக்கு ஐநூறு ரூபாய் கேட்கிறார். லெக்சிகன் என்றால் அகராதிதானே? கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. விளக்கம் அப்புறம்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட பேரகராதியின் பெயரே 'தமிழ் லெக்சிகன்'. அதனால் குழப்பம் வருவது இயல்புதான். ஆனால் மொழியியலில் லெக்சிகன் என்பது ஒரு மொழியைப் பேசுகிறவர்களிடம் உள்ள மொத்தச் சொல்லிருப்பு. அதிலிருந்து அள்ளி அடுக்கியது அகராதி. உங்கள் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் லெக்சிகன் அவரிடம் உண்டு. அதற்கு யார் சான்றிதழ் தருவது?

எண்ணிக்கையிலும் ஏமாற்றலாம். வந்தான், வருவாள், வராதே எல்லாம் 'வா' என்ற ஒரே கணக்கு. தனித்தனியாக எண்ணினால் பத்தாயிரம் ஒரே வாரத்தில் வந்துவிடும்.

ஊர்ப் பெயர், எஸ்டேட் பெயர் இந்தக் கணக்கில் சேராது. ஒரு விலக்கு உண்டு: பெயர் பொதுச்சொல்லாகிவிட்டால் சேரும். ஜெராக்ஸ் ஒரு கம்பெனியின் பெயர். இன்று எந்தக் கம்பெனி மெஷினாக இருந்தாலும் 'ஜெராக்ஸ் எடுத்துட்டு வா' என்கிறோம். கடைக்காரர் 'ஜெராக்ஸ் ரெண்டு ரூபா' என்றால் கம்பெனியையா விற்கிறார்? அது இப்போது தமிழ்ச் சொல்லிருப்பில் ஒன்று. பெயராகவே நிற்பது வெளியே, பொருளாகிவிட்டது உள்ளே.

'கலப்புச் சொல்லை நீக்கித் தாருங்கள்' என்றும் அவர் கேட்பார். இந்த ஆட்கள் எல்லோரும் கேட்பதுதான். சாவியும் ஜன்னலும் அலமாரியும் போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்தவை. அவற்றை நீக்கினால் தமிழ் வீட்டைப் பூட்டவே முடியாது. உங்கள் ஹட்டியும் எங்கள் பட்டியும் ஒரே வேர். எதை எடுத்து எறிவது?

சரி, எட்டாவது அட்டவணை. அதில் 22 மொழிகள் இருக்கின்றன. சொல் எண்ணிக்கை என்று ஒரு விதியும் இல்லை. துளுவுக்கு ஆறு தொகுதிகளில் லெக்சிகன் வந்துவிட்டது, துளு இன்னும் வெளியேதான் நிற்கிறது. அளவுகோல் வகுக்க 1996-இல் ஒரு குழு, 2003-இல் இன்னொரு குழு போட்டார்கள். ஆனாலும் சேர்ப்பதற்கு நிலையான அளவுகோல் இல்லை என்றே மத்திய அரசு சொல்லிவருகிறது. விதியே இல்லாத இடத்தில் புரோக்கர் விதி செய்துகொள்கிறார்.

இன்னொன்று. படுக–ஆங்கில அகராதி ஒன்று 1992-லேயே வந்துவிட்டது. அதையே ஜெராக்ஸ் எடுத்துத் தன் உழைப்பு என்று நீட்டுவார், கவனம்.

ஆசை இருந்தால் நீங்களே தொடங்குங்கள். போனில் பாட்டியைப் பேசவிட்டுப் பதியுங்கள். சொல்லை மட்டும் எழுதாமல், அது வரும் முழு வாக்கியத்தையும், சொன்னவர் யார், எந்த ஹட்டி என்பதையும் எழுதுங்கள். தேயிலைக்கு முன்பு சாமையும் ராகியும் விளைந்த காலத்துச் சொற்களை முதலில் கேளுங்கள்; பேரப்பிள்ளைகளிடம் அவைதான் இருக்காது.