வேளாங்கண்ணி யாத்திரை முடிந்து சொந்தக்காரர்கள் பிரியும்போது உங்கள் குடும்பத்தில் எப்படி விடைபெறுவீர்கள்?

கேட்டவர் வீட்டில் நடப்பது இதுதான்: போகும்போதும் கோயிலிலும் எல்லாரும் ஒற்றுமையாக இருக்கிறார்கள், ஊர் வந்து இறங்குகிற நேரத்தில் ஒருவர் அழ, ஒருவர் முறைக்க, பாதிப் பேர் சொல்லிக்கொள்ளாமலே போய்விடுகிறார்கள். எங்களுக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. நாங்கள் சேலம். சித்தப்பா குடும்பம் ஏற்காட்டில், அத்தை வீடு ராசிபுரம், அண்ணன் பெங்களூரு. இளவட்டங்கள் காவி கட்டிக்கொண்டு நடந்தே போவார்கள், மற்றவர்கள் வேனில் போய்ச் சேர்ந்துகொள்வோம், திரும்பும்போது எல்லாரும் ஒரே வேன்.

நான் சொல்வது ஒன்றுதான். இறங்குகிற இடத்தில் விடைபெறாதீர்கள், அதை வழியிலேயே முடித்துவிடுங்கள்.

மாதாவிடம் விடைபெறுவதில் யாருக்கும் சிக்கல் இல்லை. செப்டம்பர் 8 சாயங்காலம் கொடி இறங்கிய பிறகு கூட்டம் கொஞ்சம் கலையட்டும் என்று காத்திருந்து, ஆயா (எங்கள் பாட்டி) இன்னொரு தடவை உள்ளே போய்ப் பீடத்துக்கு முதுகு காட்டாமல் பின்னாலேயே நடந்து வருவார், யார் மேலாவது மோதிவிடக் கூடாதே என்று நாங்கள் இரண்டு பேர் பின்னால் நிற்போம். அவ்வளவுதான். மனுஷர்களிடம் விடைபெறுவதுதான் கஷ்டம், அதுவும் நள்ளிரவு தாண்டி, அத்தை வீட்டார் ராசிபுரத்துக்கு இறங்குகிற ஆண்டகலூர் கேட்டில் வேனை ஓரங்கட்டிவிட்டு, டிரைவர் அவசரப்படுத்த, தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, மேலே கட்டின பையில் எது யாருடையது என்று செல்போன் வெளிச்சத்தில் தேடும்போது யாருக்கு அன்பான வார்த்தை வரும்? ஒரு வருடம் அங்கேதான் அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் ரூம் வாடகைக் கணக்கில் வாய்த்தகராறு வந்து, கிறிஸ்துமஸ் வரை பேச்சுவார்த்தை இல்லை.

அதற்கப்புறம் அண்ணி ஒரு ஏற்பாடு செய்தார் (எங்கள் குடும்பத்தில் உருப்படியான யோசனை எல்லாம் அவருடையதுதான்). திரும்பும் வழியில் தஞ்சாவூர் பக்கம் இருக்கிற பூண்டி மாதா கோயிலில் இறங்கிக் கும்பிடுவோம், சாப்பிடுவோம், அங்கேயே மரத்தடியில் உட்கார்ந்து கணக்கைப் பைசா பாக்கியில்லாமல் தீர்த்துவிடுவோம். வேன் வாடகை, டிரைவர் படி, நடந்து வந்தவர்களுக்கு வாங்கிய மருந்து மாத்திரை, எல்லாம். கோயில் வாசலில் காசுப் பேச்சா என்று முதலில் ஆயாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அங்கே யாரும் குரலை உயர்த்துவதில்லை என்பதை அவரே கவனித்துவிட்டார்.

பங்கு பிரிப்பதும் பூண்டியிலேயே நடந்துவிடும். மந்திரித்த எண்ணெய், மாதா குளத்துத் தண்ணீர், பொரி, பேரீச்சம்பழம், வர முடியாத அக்கம்பக்கத்தாருக்கு வாங்கின ஜெபமாலை, இதெல்லாம் அந்தந்த வீட்டுப் பைக்குள் போய், பையின் வாயும் கட்டப்பட்டுவிடும். எண்ணெய் ஊற்றுவது மட்டும் சித்தி. ஒரு கையில் பெரிய பாட்டில், முன்னால் வரிசையாகச் சின்னப் பாட்டில்கள், ஒரு சொட்டு சிந்தினாலும் விரலால் தொட்டுப் பக்கத்தில் நிற்கிற பிள்ளையின் நெற்றியில் தடவிவிடுவார், அதனால் சின்னப் பிள்ளைகள் அவரைச் சுற்றியே நிற்கும்.

பிறகு முசிறி, தொட்டியம் பக்கம் காவிரி ஓரமாக வேன் போகும்போது ஜெபமாலை. முடிந்ததும் உள்விளக்கைப் போடச் சொல்லி, ஆயா உட்கார்ந்த இடத்துக்கு ஒவ்வொருவராகப் போக வேண்டும். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்துப் பறித்துக் காய்ப்பேறிய கட்டை விரலால் நெற்றியில் சிலுவை போடுவார், நன்றாகவே உறுத்தும். "நல்லா இரு சாமி" என்பார், சிலரிடம் மட்டும் காதில் ஏதோ சொல்வார், அது என்னவென்று யாரும் கேட்பதில்லை. பெரியவர்களும் ஒருவரையொருவர் கையைப் பிடித்துக்கொண்டு, மனசில் ஏதாவது இருந்தால் மறந்துவிடு என்று அந்த நேரத்தில்தான் கேட்டுக்கொள்வார்கள். அழுகிறவர்கள் அழுதுகொள்ளலாம், உட்கார்ந்து அழ வசதி இருக்கிறது, அவசரமும் இல்லை.

அப்புறம் ஆண்டகலூர் கேட்டில் அத்தை வீட்டார் இறங்கும்போது "பாத்துப் போங்க" என்பதோடு சரி. நாங்கள் யாரும் கீழே இறங்குவதில்லை, மாமா மட்டும் இறங்கிப் பையை எடுத்துக் கொடுப்பார். அண்ணன் சேலம் ஜங்ஷனில் ரயிலைப் பிடித்துவிடுவார். ஏற்காட்டுக்காரர்களை அந்த நேரத்தில் மலை ஏறவிடாமல் எங்கள் வீட்டில் படுக்கவைத்து, காலையில் பஸ் ஏற்றிவிடுவோம். வீடு போய்ச் சேர்ந்ததும் வாட்ஸ்அப் குழுவில் "வந்துட்டோம்" என்று ஒரு வரி போட்டால் போதும்.

இன்னொன்று, அடுத்த வருடத் தேதியை அன்றைக்குப் பேசவே கூடாது. களைப்பில் எல்லாரும் சரி சரி என்று தலையாட்டிவிடுவார்கள், ஜூலையில் வேனுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகும்போது ஆளுக்கொரு தேதி சொல்வார்கள்.