வெட்டிய பக்கம் மீண்டும் துளிர்க்குமா?

நடைபாதையை மறைத்த துஜா மரத்தை ஒரு பக்கம் ஆழமாக வெட்டிவிட்டீர்கள். மாதங்கள் கடந்தும் பழுப்புக் குச்சிகள்தான் தெரிகின்றன, உரம் போட்டால் துளிர்க்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். துளிர்க்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உரத்தை வீணாக்க வேண்டாம். துஜா, சைப்ரஸ், ஜூனிப்பர் போன்ற ஊசியிலை மரங்களில் இலையற்ற முதிர்ந்த கிளை மறுபடி பச்சை பிடிப்பது மிக அரிது. பச்சைப் பகுதிக்குள்ளேயே கத்தரி நின்றுவிட வேண்டும். ஊசியிலை வகையில் யூ மரம் ஒரு விதிவிலக்கு, பழைய கட்டையிலிருந்தும் தளிர் விடும். ஆனால் அதன் இலையும் விதையும் கொடிய நஞ்சு. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இடைவெளி சிறியதென்றால் பக்கத்துப் பச்சைக் கிளைகளை மென்மையான கயிற்றால் இழுத்துக் கட்டி மறைக்கலாம். பெரியதென்றால் மரத்தை மாற்றுவதே மேல்.

மாற்றும்போது ‘குள்ள ரகம்’ என்ற சீட்டை அப்படியே நம்பாதீர்கள். அமெரிக்க ஊசியிலை மரச் சங்கத்தின் வகைப்பாட்டில், ஆண்டுக்குச் சுமார் 2.5 முதல் 15 சென்டிமீட்டர் வரை வளர்வதெல்லாம் குள்ளம்தான். மேல் எல்லையில் வளரும் செடி பத்தே ஆண்டில் ஒன்றரை மீட்டர் கூடிவிடும், அதன்பிறகும் நிற்காது. சீட்டில் போட்டிருக்கும் உயரமும் பெரும்பாலும் பத்தாண்டுக் கணக்குதான். உங்களுக்கு உயரத்தைவிட அகலமே முக்கியம்: முதிர்ந்த அகலத்தில் பாதியையாவது பாதையிலிருந்து தள்ளி நடுங்கள். தண்ணீர் தேங்கும் இடமாக இருந்தால் மண்ணைச் சற்று மேடாக்கிக்கொள்ளுங்கள்.