மழை விட்ட மறுநாள் ஓடையில் நைட்ரேட் ஏறுவது

மழையின்போது ஓடையில் நைட்ரேட் (உரத்திலிருந்து வரும் நைட்ரஜன் சத்து) குறைந்து மறுநாள் ஏறுகிறது, ஓர் அளவு 11 காட்டியது, மீட்டர் பழுதா என்று கேட்டிருந்தீர்கள். மீட்டரில் கோளாறு இருக்காது. நீலகிரிச் சரிவில் கேரட் தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஓடையில், மழை கொட்டும்போது நைட்ரேட் குறைந்து மறுநாள் ஏறுவது இயல்புதான்.

நைட்ரேட்டுக்கும் களிமண் துகளுக்கும் எதிர்மின்னூட்டம். அதனால் மண்ணில் ஒட்டாமல் மழைநீரோடு கீழிறங்கி, அடிமண் வழியே கசிந்து தாமதமாக ஓடைக்கு வருகிறது. மேலே வழிந்தோடும் வெள்ளம் முதலில் வந்து அதை நீர்க்கச் செய்துவிடும். அந்தச் செங்கலங்கலில் வருவது பெரும்பாலும் துகளில் ஒட்டிய பாஸ்பரஸும் அம்மோனியமும்.

அடுத்த மழையில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, மழை விட்டபின் 2 நாளுக்கு, 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாதிரி எடுங்கள். நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனையும் அளந்துவையுங்கள். நைட்ரேட்டும் அதுவும் சேர்ந்து விழுந்து சேர்ந்தே ஏறினால், வருவது அடிமண் நீர். மாதிரியை அங்கேயே வடிகட்டி ஐஸில் வையுங்கள், 48 மணி நேரத்துக்குள் சோதனை முடியட்டும். வெயிலில் கிடந்த பாட்டிலை நம்பவே வேண்டாம்.

கோடையில் தண்ணீர் குறையும்போதுதான் நைட்ரேட் உச்சம், கழிவுநீரில் மிகும் உப்பான குளோரைடும் அப்போதே கூடுகிறது என்றால், உரத்தை விட்டுவிட்டு மேலே உள்ள செப்டிக் டேங்குகளைப் பாருங்கள்.

நீங்கள் எழுதிய 11 எந்த அலகு? நைட்ரேட்-நைட்ரஜன் (நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனின் எடை மட்டும்) மி.கி./லி. என்றால் 4.43ஆல் பெருக்குங்கள்: நைட்ரேட்டாக 48.7 மி.கி./லி., குடிநீர் வரம்பான 45ஐத் தாண்டிவிட்டது.