நெட் எதுவரை வருகிறது?

கோத்தகிரியைச் சுற்றியுள்ள ஹட்டிகளிலும் (படுகர் ஊர்கள்) எஸ்டேட்டுகளிலும் ஒயர் இழுப்பது, ரவுட்டர் மாட்டுவது, அறுந்த ஃபைபரை ஒட்டுவது என்று பதினெட்டு வருடமாக இதே பிழைப்பு. நெட்வொர்க் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று போன வாரம் வாய்விட்டுவிட்டேன். முப்பதுக்கு மேல் கேள்விகள் வந்துவிட்டன. பாதிக்கு மேல் "நெட் ஸ்லோ, என்ன செய்ய?" ரகம். அவர்களுக்கு என் பதில் ஒரு எதிர்க்கேள்விதான்: எதுவரை வருகிறது என்று பார்த்தீர்களா? எப்படிப் பார்ப்பது என்பது கீழே ஓரிடத்தில் வரும். மற்றவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

கட்டபெட்டு, கல்லூரி மாணவி: அண்ணா, ஒரு போட்டோ அனுப்பினால் அப்படியே முழுசாகப் போகுமா? பாக்கெட் பாக்கெட் என்கிறார்கள், புத்தகத்தில் படித்தும் மனதில் நிற்கவில்லை.

முழுசாகப் போகாது. நம் ஊர் தேயிலைக் கொழுந்து கணக்கை நினைத்துக்கொள்ளம்மா. தோட்டத்தில் 300 கிலோ எடுத்தால் அது ஒரே பொதியாகவா ஃபேக்டரிக்குப் போகிறது? மூட்டை மூட்டையாகக் கட்டி, யாருடையது என்று அடையாளம் போட்டு, எடை போடும் இடத்தில் வைக்கிறோம். வருகிற வண்டியில் உங்கள் மூட்டையும் ஏறும், பக்கத்துத் தோட்டத்துக்காரர் மூட்டையும் ஏறும். உங்களுக்கென்று தனி வண்டி கிடையாது. பாதையும் வண்டியும் பொது, அடையாளம் மட்டும் தனித்தனி.

டேட்டாவும் இப்படித்தான். ஒரு மூட்டையில், அதாவது பாக்கெட்டில், வழக்கமாக 1500 பைட் வரை பிடிக்கும். 3 எம்பி போட்டோ என்றால் சுமார் 2000 மூட்டை. ஒவ்வொன்றின் மேலும் யார் அனுப்பியது, யாருக்கு என்று இருக்கும், கூடவே வரிசை எண்ணும் இருக்கும். கொழுந்துக்கு வரிசை தேவையில்லை, எந்த மூட்டை முதலில் கொட்டினாலும் டீத்தூள்தான். போட்டோவுக்கு அது முக்கியம். 1347-வது மூட்டை வழியில் தொலைந்தால், "1346 வரை வந்தது, அடுத்ததைக் காணோம்" என்று அந்தப் பக்கம் சொல்லும். இந்தப் பக்கம் அதை மட்டும் திரும்ப அனுப்பும். இந்த ஒழுங்குக்குப் பெயர்தான் டிசிபி.

பழைய டிரங்க் கால் வேறு மாதிரி. நீங்கள் பேசி முடிக்கும்வரை அந்த லைன் முழுக்க உங்களுக்கே. பேசாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாலும் வேறு யாரும் தொட முடியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இப்படி மூட்டை கட்டி அனுப்பும், இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்பாநெட்டில் முதல் செய்தி போனது 1969 அக்டோபர் 29. லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஸ்டான்போர்டு ஆய்வு நிலையத்துக்கு 'லாகின்' என்று தட்டினார்கள். இரண்டு எழுத்து போனதும் அந்தப் பக்கக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. பாதியில் கட் ஆவதற்கும் அதே வயதுதான்.

கோத்தகிரி, பிளஸ் டூ மாணவன்: ஐபி முகவரி, மேக் முகவரி என்று இரண்டு எதற்கு சார்? ஒன்று போதாதா?

தம்பி, இங்கிருந்து சென்னைக்குக் கிளம்புகிறாய். போய்ச் சேரும் இடம் சென்னை, அது கடைசிவரை மாறாது. ஆனால் பஸ்ஸில் கண்டக்டர் கேட்பது எங்கே இறங்கணும் என்றுதான். மேட்டுப்பாளையத்துக்கு ஒரு டிக்கெட். அங்கே இறங்கி நீலகிரி எக்ஸ்பிரஸுக்கு வேறு டிக்கெட். ஐபி என்பது 'சென்னை'. மேக் என்பது அந்தந்தக் கட்டத்துக்கான டிக்கெட், வழியில் உள்ள ஒவ்வொரு ரவுட்டரிலும் கிழித்துப் புதிதாகப் போடுவார்கள். மேக் முகவரி 48 பிட், முதல் பாதியைப் பார்த்தால் கருவியைச் செய்த கம்பெனி தெரியும்.

முழு வழியும் எந்த ரவுட்டருக்கும் தெரியாது. இதற்கு அடுத்து யாரிடம் தள்ள வேண்டும் என்பது மட்டுமே தெரியும். எல்லாரும் தன் பங்கை ஒழுங்காகத் தள்ளினால் வந்து சேர்ந்துவிடுகிறது.

இதே மாணவன் கேட்ட துணைக்கேள்வி: என் வீட்டிலும் 192.168.1.5, நண்பன் வீட்டிலும் 192.168.1.5. எப்படிக் குழப்பம் வருவதில்லை?

எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, லயன் வீடுகளைப் பார்த்திருப்பாய். வெளியே தபாலுக்கு எஸ்டேட் முகவரி ஒன்றுதான். ஆபீஸுக்கு வந்ததும் இது மூன்றாம் நம்பர் லயன், இது ஏழாம் நம்பர் என்று பிரித்துக் கொடுப்பார்கள். ரவுட்டர்தான் உன் வீட்டு எஸ்டேட் ஆபீஸ். 192.168 என்று தொடங்குவது வீட்டுக்குள் மட்டும் செல்லும் எண், ஊரெல்லாம் அதையே வைத்துக்கொள்ளலாம். ஐபி நான்காம் பதிப்பில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பின் கடைசித் தொகுதிகளையும் பங்கு வைத்துக் கொடுத்துவிட்டார்கள். லயன் வீட்டுக் கணக்கு இல்லையென்றால் அதற்கு எத்தனையோ வருடம் முன்பே தீர்ந்திருக்கும்.

குன்னூர் பக்கம், ஹோம்ஸ்டே நடத்துபவர்: எட்டு அறைகள். வார நாளில் பிரச்சினையே இல்லை. சனிக்கிழமை இரவு புதிதாக வருகிறவர்களுக்கு வைஃபை 'கனெக்டிங்' என்றே சுற்றுகிறது. ஏற்கெனவே இருப்பவர்களுக்கு நன்றாக ஓடுகிறது. ரவுட்டரை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். பிளானை 100-லிருந்து 300-க்கு ஏற்றினேன், அப்படியும் அதே கதை.

ஏற்றுவதற்கு முன் கேட்டிருக்கலாமே சார். உங்களிடம் குறைவது வேகம் இல்லை, முகவரி.

வைஃபையில் ஒரு போன் சேர்ந்ததும் முதலில் "எனக்கு ஒரு முகவரி கொடு" என்று கேட்கும். ரவுட்டருக்குள் டிஹெச்சிபி என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். லாட்ஜ் ரிசப்ஷன் மாதிரி காலியாக இருக்கும் எண்ணை எடுத்து, இத்தனை மணி நேரத்துக்கு உனக்கு என்று எழுதிக்கொண்டு கொடுப்பார். ஆறு மாதம் முன் உங்களைப் போலவே ஓர் இடத்துக்குப் போனேன். லேப்டாப்பில் ரவுட்டரின் முகவரியான 192.168.1.1 திறந்து பட்டியலைப் பார்த்தால், கொடுப்பதற்கு 100 முதல் 149 வரை வெறும் 50 எண்தான் ஒதுக்கியிருந்தது. ஐம்பதும் நிரம்பியிருந்தன. வீட்டில் தங்கியிருந்ததோ 19 பேர். ஆளுக்கு ஒரு போன், சிலரிடம் லேப்டாப், இரண்டு வாட்ச், அறைக்கு ஒரு டிவி, வாசலில் கேமரா எல்லாம் சேர்த்தும் 35-ஐத் தாண்டவில்லை. மீதிப் பதினைந்து?

காலையில் காலி செய்துவிட்டுப் போனவர்கள். எண்ணின் கெடு 24 மணி நேரம் என்று போட்டிருந்தது. சாவியைக் கொடுக்காமல் மைசூருக்குக் கிளம்பிவிட்ட விருந்தாளி மாதிரி, ஆள் போயும் எண் அவர் பெயரிலேயே நின்றது. ரவுட்டரை அணைத்தால் பல மாடல்களில் அந்தப் பதிவேடு அழிந்துவிடும், அதனால்தான் உங்களுக்கும் 'சரியாகிறது'.

வைத்தியம்: பட்டியலை 20 முதல் 250 வரை விரியுங்கள், கெடுவை 2 மணி நேரமாகக் குறையுங்கள். கேமரா, பிரிண்டர் மாதிரி நிலையாக இருப்பவற்றுக்கு 20-க்குக் கீழே எண் கொடுங்கள். செலவு ஒரு ரூபாய் இல்லை. 300 பிளானை அடுத்த மாதம் குறைத்துக்கொள்ளலாம்.

உதகை, எஸ்டேட் அலுவலக ஊழியர்: மூடுபனி இறங்கினால் வைஃபை மந்தமாகிறதே. எங்களிடம் இரண்டு மலைக்கு நடுவே 3 கிலோமீட்டருக்கு ரேடியோ லிங்க்கும் இருக்கிறது. மாட்டி நான்கு வருடம் ஆகிறது, இப்போது அடிக்கடி விழுகிறது. பனிதான் காரணமா?

பனி மேல் பழி போடாத ஆளே மலையில் இல்லை. வைஃபையும் இப்படிப்பட்ட லிங்க்கும் வழக்கமாக ஓடும் 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 5 சென்டிமீட்டருக்கு மேல். மூடுபனித் துளியோ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அந்த அலைக்குப் பனி கண்ணிலேயே படாது. 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே ஓடும் லிங்க் என்றால் பெருமழை இடிக்கும், அது வேறு. பனி இறங்கினால் எல்லாரும் வீட்டுக்குள் உட்கார்ந்து படம் பார்க்கிறார்கள், அதையும் கணக்கில் வையுங்கள்.

உங்கள் லிங்க்குக்கு நான் சந்தேகப்படுவது சில்வர் ஓக் மரத்தை. எதிர்மலைக் கம்பம் கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று நினைக்கிறோம். போதாது. அலை நூல் மாதிரி போகாது, நடுவில் பீப்பாய் மாதிரி உப்பிப் போகும். 3 கிலோமீட்டர் தூரத்துக்கு அந்த அலைவரிசையில் நடுவழியில் சுற்றிலும் சுமார் 6 மீட்டர் காலியாக வேண்டும். நான்கு வருடத்தில் மரம் அதற்குள் தலையை நீட்டியிருக்கும், நனைந்த இலை இன்னும் மோசம். காற்றடிக்கும் நாளில் சிக்னல் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் மரம்தான். கிளை கழிக்கும்போது அந்த வரிசையையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், அல்லது கம்பத்தை உயர்த்துங்கள்.

கூடலூர், இ-சேவை மையம்: 200 எம்பிபிஎஸ் பிளான். போனில் வைஃபையில் 180 காட்டுகிறது. ஒயர் போட்ட கம்ப்யூட்டரில் 94-க்கு மேல் ஏறவே இல்லை. ஒயர்தானே அண்ணா வேகம்?

94 என்றதுமே கை அரிக்கிறது. 100 எம்பிபிஎஸ் லிங்க்கின் கையெழுத்து அது. லேன் ஒயருக்குள் எட்டுக் கம்பி, நான்கு ஜோடி. 100 வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும். அதற்கு மேல், கிகாபிட்டுக்கு (1000 எம்பிபிஎஸ்), நான்கும் வேண்டும். நீலமோ பழுப்போ ஒரு கம்பி ஒழுங்காக உட்காரவில்லை என்றால், இரண்டு பக்கமும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி ஒத்துப்போய்விடும். நெட் ஓடும், அதனால் யாருக்கும் தெரியாது. முதலில் கம்ப்யூட்டரின் போர்ட்டே 100-தானா என்று பார்த்துவிடுங்கள். அது கிகாபிட் என்றால் முனையை வெட்டிவிட்டுப் புதிய பிளக்கைக் கிரிம்ப் செய்யுங்கள், அதாவது கருவியால் அழுத்திப் பொருத்துங்கள்.

மேல்தோலை ஓர் அங்குலம் உரியுங்கள். இடமிருந்து வலம்: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. பச்சைக்கு நடுவில் நீலம் புகுந்து நிற்கும், புதியவர்கள் தவறுவது அங்கேதான். நேராக்கி, அரை அங்குலம் விட்டு ஒரே வெட்டாக வெட்டி, கிளிப் கீழே இருக்கும்படி பிளக்கைப் பிடித்து உள்ளே தள்ளுங்கள். பிளக்கின் மூக்கை வெளிச்சத்தில் காட்டினால் எட்டுச் செம்புப் புள்ளிகளும் மின்ன வேண்டும். ஏழு மின்னினால் கிரிம்ப் செய்யாதீர்கள். மேல்தோலும் பிளக்குக்குள் கொஞ்சம் போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாலு முறை இழுத்ததும் கழன்று வரும். முறுக்கைத் தேவைக்கு மேல் பிரிக்காதீர்கள். வெளி இரைச்சல் ஒரு ஜோடியின் இரண்டு கம்பியிலும் சமமாக விழுந்து ஒன்றையொன்று அடித்துக்கொள்ளத்தான் அந்த முறுக்கு.

இன்னொன்று: 200 எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு. ஃபைல் இறங்கும்போது திரையில் தெரிவது பைட், எட்டால் வகுக்க வேண்டும். 25-க்குப் பக்கத்தில் வந்தால் முழுசாக வருகிறது என்று அர்த்தம்.

அரவேணு, ஓய்வுபெற்ற ஆசிரியை: மகன் துபாயில். வீடியோ காலில் அவன் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது. அதே நெட்டில் டவுன்லோட் செய்த படம் துல்லியமாக ஓடுகிறதே?

டீச்சரம்மா, படம் டவுன்லோடு ஆகும்போது தொலைந்த மூட்டையைத் திரும்பக் கேட்டு வாங்க நேரம் இருக்கிறது. பேச்சில் அது இல்லை. "சாப்பிட்டியா?" என்பதில் ஒரு துண்டு விழுந்தால், அதைத் திரும்ப வாங்குவதற்குள் அவர் அடுத்த வாக்கியத்துக்குப் போயிருப்பார். அதனால் வீடியோ காலுக்குப் பெரும்பாலும் யூடிபி என்ற முறை. போனது போகட்டும், அடுத்ததைக் கொடு என்பது அதன் சுபாவம். போன இடம்தான் கட்டமாகத் தெரிகிறது. ரவுட்டர் இருக்கும் அறையிலேயே உட்கார்ந்து ஒருமுறை பேசிப் பாருங்கள். பழைய கல் சுவர் வீட்டில் பாதி மூட்டை அந்தச் சுவரிலேயே தொலையும்.

கோத்தகிரி, பேக்கரிக் கடைக்காரர்: வாட்ஸ்அப் வருகிறது, ஆனால் எந்த வெப்சைட்டும் திறக்கவில்லை. இது என்ன வியாதி?

இப்போது 'எதுவரை' பார்த்துவிடலாம். கம்ப்யூட்டரில் கறுப்புத் திரையை (கமாண்ட் பிராம்ப்ட்) திறந்து மூன்று முறை பிங் அடியுங்கள், அதாவது ஒரு சின்ன மூட்டையை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பாருங்கள். முதலில் 192.168.1.1, அதாவது உங்கள் ரவுட்டர். சில வீடுகளில் இந்த எண் வேறாக இருக்கும், ரவுட்டரின் அடியில் ஒட்டியிருப்பார்கள். பதில் வரவில்லை என்றால் கோளாறு கடைக்குள்ளேயே. அடுத்து 8.8.8.8, அதாவது வெளியே இருக்கும் கூகுளின் சர்வர். இதற்கு வரவில்லை என்றால் ரவுட்டருக்கு வெளியே, எங்களைக் கூப்பிடுங்கள். மூன்றாவது, ஏதாவது ஒரு வெப்சைட்டின் பெயர். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வரவில்லை என்றால் பாதை நன்றாக இருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றிக் கொடுக்கும் டிஎன்எஸ்தான் தூங்குகிறது. உங்களுக்கு இந்த மூன்றாவது ரகம் என்று நினைக்கிறேன். வாட்ஸ்அப் ஏற்கெனவே எண் தெரிந்து பிடித்து வைத்திருக்கும் இணைப்பில் ஓடிக்கொண்டிருக்கும். ரவுட்டரில் டிஎன்எஸ் என்ற இடத்தில் 8.8.8.8 போட்டுப் பாருங்கள்.

குன்னூர், பாலிடெக்னிக் மாணவன்: கேமில் பிங் 70. பிளானை ஏற்றினால் குறையுமா?

குறையாது. கேமில் பிங் என்பது மூட்டை சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம், மில்லிசெகண்டில். அகலம் கூடினால் தூரம் குறையுமா தம்பி? ஃபைபரில் வெளிச்சம் நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. சென்னையிலிருந்து கடலடிக் கேபிளில் சிங்கப்பூர் சர்வரைத் தொட்டுத் திரும்பவே 30 மில்லிசெகண்ட் போய்விடும். கேமில் மும்பை சர்வர் இருந்தால் அதற்கு மாறு.

கீழ்க்கோத்தகிரி, குடும்பத் தலைவி: இடி இடிக்கும்போது ரவுட்டரைக் கழற்ற வேண்டுமா? வருவது கண்ணாடி ஒயர்தானே?

கண்ணாடியில் மின்சாரம் வராது, உண்மைதான் அக்கா. ஆனால் வெளியே தொங்கும் சில ஃபைபர் கேபிளில் தாங்குவதற்கு இரும்புக் கம்பி சேர்ந்திருக்கும். அதைவிட, அடாப்டர் வழியாகவும் லேன் ஒயர் வழியாகவும் வரும். ஐப்பசி மழையில் எனக்கு வரும் எரிந்த ரவுட்டர்களில் பல, அண்ணன் வீட்டிலிருந்து தம்பி வீட்டுக்கு மரத்தின் மேல் செம்பு லேன் ஒயர் இழுத்தவர்களுடையது. இரண்டு வீட்டுக்கும் தனித்தனி மின் இணைப்பு, தனித்தனி எர்த். பக்கத்தில் எங்காவது இடி விழுந்தாலே போதும், நடுவில் உள்ள அந்த ஒயரில் பாய்ந்து இரண்டு பக்கத்து ரவுட்டரும் ஒன்றாகப் போகும். வீட்டுக்கு வீடு இழுப்பதென்றால் இரும்புக் கம்பி இல்லாத ஃபைபராக இழுங்கள். அதுவரை, வானம் உறுமினால் அடாப்டரைப் பிடுங்கும்போது அந்த லேன் ஒயரையும் சேர்த்துப் பிடுங்கிவிடுங்கள்.